சுமைகூலி முக்கால் பணம்

இசைத்தட்டு ஒன்று இணையத்தில் ஏலத்துக்கு வருகிறது. ஆரம்ப விலை 4 டாலர். அனுப்பும் செலவு இல்லை. அதே இசைத்தட்டு இன்னொரு ஏலத்திலும் இருக்கிறது. அங்கே ஆரம்ப விலை 1 சென்ட், அனுப்பும் செலவு 3.99 டாலர். இரண்டிலும் வாங்குபவர் குறைந்தது 4 டாலர் கொடுத்தாக வேண்டும். கூட்டத் தெரிந்தவருக்கு இரண்டும் ஒன்றே. டன்ஜிம் ஹொசைன், ஜான் மார்கன் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் ஈபே தளத்தில் இசைத்தட்டுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் இப்படி ஜோடி போட்டு ஏலம் விட்டுப் பார்த்தார்கள். சல்லிக்காசில் தொடங்கிய ஏலத்துக்குத்தான் கூட்டம் அதிகம் வந்தது. முடிவில் விற்பவர் கைக்குச் சேர்ந்த மொத்தத் தொகையும் அதில்தான் அதிகம். 2006இல் வெளியான அந்த ஆய்வு ஒரு வரம்பையும் சொன்னது: அனுப்பும் செலவு அளவுக்கு மீறி ஏறிவிட்டால் இந்த உத்தி பலிப்பதில்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லி வைத்தவர்கள் கூலிக்காரரை நேரில் பார்த்துப் பேரம் பேசியவர்கள். இணைய ஏலத்தில் அந்தப் பேரத்துக்கு இடமில்லை. பொருளின் விலையைப் பத்துப் பேர் போட்டி போட்டு ஏற்றுகிறார்கள். சுமைகூலியை ஒருவர் மட்டும் எழுதி வைக்கிறார். அந்த ஒருவர் விற்பவராக இருக்கலாம், கூரியர் நிறுவனமாக இருக்கலாம், சுங்கத்துறையாகவும் இருக்கலாம். ஏலத்தில் வென்ற பிறகு எதிர்பாராத கட்டணம் வந்து விழுவது போட்டியே இல்லாத இந்த இடத்தில்தான். கெட்ட விற்பனையாளரிடம் மாட்டிக்கொண்டோம் என்று ஒவ்வொரு தடவையும் நொந்துகொள்வதைவிட, இந்த இடத்தில் யார் யார் கை வைக்கிறார்கள், எந்த விதி எதுவரை எட்டுகிறது என்று பார்த்துவைப்பது பயன் தரும்.

முதலில் தரகுக் கணக்கு. பியர் ஓமிடியார் 1995இல் தொடங்கிய ஈபே, விற்ற விலையில் ஒரு பங்கைத் தரகாக எடுத்துக்கொள்ளும் தளம். நெடுங்காலம் அந்தத் தரகு ஏலத்தொகைக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. அனுப்பும் செலவு என்று விற்பவர் எதைப் போட்டாலும் அதில் தளத்துக்குப் பங்கில்லை. 50 டாலர் பெறும் பொருளை 50க்கே விற்றால் 50க்கும் தரகு கட்ட வேண்டும். 5 டாலருக்கு விற்று, பார்சல் செலவு 45 என்று எழுதிவிட்டால் ஐந்துக்குக் கட்டினால் போதும். விலை வரிசையில் தேடுகிறவர் கண்ணுக்கு முதலில் படுவதும் இந்த ஐந்து டாலர் பொருள்தான். பொருள் திரும்பி வந்தால் ‘பொருளின் விலையைத் தருகிறேன், அனுப்பிய செலவு போனது போனதுதான்’ என்று சொல்லிவிடவும் முடிந்தது. ஒரே தந்திரத்தில் மூன்று ஆதாயம். யார் விடுவார்கள்?

தளம் சும்மா இருக்கவில்லை. 2007இல் விற்பவரை நான்கு கூறுகளில் நட்சத்திரம் போட்டு மதிப்பிடும் முறை வந்தபோது, அனுப்பும் செலவு நியாயமானதா என்பதையும் அந்த நான்கில் ஒன்றாக வைத்தார்கள். புத்தகம், திரைப்படத் தட்டு போன்ற சில பிரிவுகளில் உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். அளவுக்கு மீறிய கட்டணம் கூடாது என்று விதியும் எழுதி வைத்தார்கள். இவையெல்லாம் ஓரளவுக்கே உதவின. 2011 ஜூலையில் அமெரிக்கத் தளம் அனுப்பும் செலவுக்கும் சேர்த்துத் தரகு வாங்கத் தொடங்கியதும்தான், செலவுக்குள் விலையை ஒளித்து வைப்பதில் இருந்த முக்கிய லாபம் போயிற்று. விற்பவர்கள் கொதித்தார்கள். தபால் நிலையத்தில் அப்படியே கட்டப்போகும் பணத்துக்கு நாங்கள் ஏன் தரகு கொடுக்க வேண்டும் என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அறிவுரைகளும் நட்சத்திரங்களும் சாதிக்காததைத் தரகு விதி சாதித்தது என்றே நினைக்கிறேன்.

ஜென்னிஃபர் பிரவுனோடு சேர்ந்து ஹொசைனும் மார்கனும் 2010இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு தைவானின் யாஹூ ஏலத்திலும் அயர்லாந்தின் ஈபேயிலும் ஐபாட்களை விற்றுப் பார்த்தது. அனுப்பும் செலவை எளிதில் கண்ணில் படாமல் வைத்திருக்கும்போது, அந்தச் செலவை ஏற்ற ஏற்ற விற்பவரின் மொத்த வருமானம் கூடியது. செலவு குறைவாக இருந்தாலோ அதை வெளிப்படையாகச் சொல்வதுதான் விற்பவருக்கே லாபம். இதிலிருந்து வாங்குகிறவர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: அனுப்பும் செலவைத் தலைப்பிலேயே போட்டுப் பெருமையடிக்கும் விற்பனையாளர் பெரும்பாலும் குறைவாகத்தான் வாங்குகிறார். பக்கத்தின் அடியில், பத்து வரி நிபந்தனைகளுக்கு நடுவில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால், அங்கே தேடத்தான் வேண்டும்.

ஏலம் கேட்பவர் செய்ய வேண்டிய கணக்கு மிக எளிது. அதனாலேயே பலரும் செய்வதில்லை. பொருள் உங்களுக்கு 1,000 ரூபாய் பெறும், வீடு வந்து சேர 300 ரூபாய் ஆகும் என்றால் உங்கள் உச்சக் கேள்வி 700. ஈபே போன்ற தளங்களில் உச்சத் தொகையை முன்பே பதிந்து வைத்தால், மற்றவர் கேட்கக் கேட்கத் தளமே உங்கள் சார்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும். எனவே 700ஐ ஒருமுறை பதிந்துவிட்டு எழுந்து போய்விடலாம். கடைசி நிமிடத்தில் எதிராளி முந்தும்போது கை துறுதுறுக்கும். 720, 750 என்று ஏறும்போது மனம் ஏலத்தொகையை மட்டுமே பார்க்கும். 300 ரூபாய் அந்நேரம் யார் நினைவுக்கும் வராது.

இங்கே அதிகம் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது. எடையையும் தூரத்தையும் வைத்துச் செலவைக் கணக்கிடும் ஏலங்களில், ஏலம் கேட்கும் ஒவ்வொருவருக்கும் உண்மையான விலை வேறு வேறு. ஒஹையோவில் இருக்கும் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் 80 டாலர் கேட்பதும், கலிஃபோர்னியாக்காரர் 80 டாலர் கேட்பதும் திரையில் சமம், பாக்கெட்டில் சமமில்லை. ஆகையால் ஏலம் முடிந்த பின் விற்பவர் ‘இன்னும் 20 டாலர் ஆகும்’ என்றால், அந்த 20 டாலர் முதலிலேயே தெரிந்திருந்தால் வேறொருவர் வென்றிருக்கவும் கூடும். பின்னால் ஏற்றும் கட்டணம் வென்றவரின் பணப்பையோடு நிற்பதில்லை; நடந்து முடிந்த போட்டியின் முடிவையே மாற்றுகிறது. இதை ஒரு சிறிய கூடுதல் செலவு என்று நான் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

இனி, எதிர்பாராத கட்டணம் என்று நாம் பொதுவாகச் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, எழுதியிருந்தும் நாம் படிக்காதது. இதில் செய்ய அதிகமில்லை. வாங்கிய பிறகு கசக்கிறது, அவ்வளவே. இரண்டாவது, எழுதியிருந்த தொகையை ஏலம் முடிந்தபின் விற்பவர் மாற்றுவது. மூன்றாவது, விற்பவருக்குச் சம்பந்தமே இல்லாமல் கூரியரோ சுங்கமோ இடைத்தரகரோ போடுவது. மூன்றுக்கும் மருந்து வேறு. மூன்றாவது வகைப் பில்லுக்காக விற்பவரைத் திட்டுகிறவர்களையும், இரண்டாவது வகையை ‘சரி போகட்டும்’ என்று கட்டிவிடுகிறவர்களையும் பார்க்க முடிகிறது. இரண்டுமே தவறான இடத்தில் காட்டும் குணங்கள்.

விற்பவர் ஏலத்துக்குப் பின் தொகையை மாற்றுவதற்குப் பாதிக் காரணம் அவருடைய அறியாமை. வீட்டில் கிடந்த பழைய பொருளை ஏலத்தில் போடும் சாதாரண மனிதர், பொருளைச் சமையலறைத் தராசில் வைத்து ‘4 கிலோ’ என்று எழுதிவிடுகிறார். பெட்டி, பஞ்சு, அட்டை எதுவும் கணக்கில் வராது. அதைவிடப் பெரிய அடி பெட்டியின் பருமன். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, வெளிநாட்டு விரைவு பார்சலுக்குப் பெரும்பாலும் 5,000ஆல் வகுத்து, வருவதைப் பருமன் எடை என்று வைத்துக்கொள்கின்றன. இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. 60, 50, 40 சென்டிமீட்டர் பெட்டி ஒன்றில் 4 கிலோ விளக்குக் கூண்டை வைத்தால் அது கூரியருக்கு 24 கிலோ. அமெரிக்காவுக்குள் தரைவழி போகும் சிறு பெட்டிகளுக்கு முன்பு இந்தக் கணக்கு இல்லை. 2014 டிசம்பர் கடைசியில் யூபிஎஸ்ஸும் 2015 ஜனவரியில் ஃபெடெக்ஸும் எல்லாத் தரைவழிப் பெட்டிகளுக்கும் இதை விரித்தன. அதுவரை பழைய அனுபவத்தை வைத்துக் குத்துமதிப்பாக எழுதிவந்த சிறு விற்பனையாளர்களுக்குக் கவுண்ட்டரில்தான் விஷயம் தெரிந்தது.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. பட்டியலில் விரைவுத் தபால் என்று போட்டு அதற்கான காசை வாங்கிக்கொண்டு, புத்தகங்களுக்கு அமெரிக்கத் தபால்துறை தரும் மலிவான மீடியா மெயிலில் அனுப்பிவிடுவது. பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டில் சேவையின் பெயர் இருக்கும். சில வேளை கட்டிய தொகையும் இருக்கும். பேக்கிங் பொருளுக்கும் உழைப்புக்கும் நியாயமாகக் கொஞ்சம் சேர்ப்பதை யாரும் குறை சொல்வதில்லை. சொன்ன சேவை ஒன்று, அனுப்பிய சேவை வேறு என்றால் அந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்கலாம். பெட்டியைக் குப்பையில் போடுமுன் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

எல்லை தாண்டும்போது கதை முழுக்க வேறு. புத்தகம் சேர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அமெரிக்கத் தபால்துறை 2007 மே மாதத்தில் வெளிநாட்டுக் கப்பல் தபாலை நிறுத்தியது. மாதக்கணக்கில் ஆனாலும் மலிவாக வந்த கனத்த புத்தகக் கட்டுகள் அதன்பின் விமானத்தில்தான் வர வேண்டியதாயிற்று. 10 டாலர் புத்தகத்துக்கு அதைப்போல் பலமடங்கு தபால் செலவு என்பது சர்வ சாதாரணம் ஆனது. இதில் யாருடைய பேராசையும் இல்லை. ஒரு மலிவான வழி மூடிப்போனது, அவ்வளவுதான்.

சுங்க வரியிலும் அனுப்பும் செலவு நுழைகிறது. இந்தியா உட்படப் பல நாடுகள் இறக்குமதிப் பொருளின் மதிப்பைக் கணக்கிடும்போது பொருளின் விலை, காப்பீடு, சரக்குக் கட்டணம் மூன்றையும் கூட்டி அந்த மொத்தத்துக்கு வரி போடுகின்றன. அமெரிக்கா பொருளின் விலையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆகவே அனுப்பும் செலவு 40 டாலர் ஏறினால் நம் நாட்டில் ஏறுவது 40 டாலர் மட்டுமல்ல, அதன்மேல் வரியும். வரியை வசூலிக்கிறவரும் தன் பங்குக்கு ஒன்று போடுவார். பிரிட்டனில் ராயல் மெயில் அப்படி வசூலிக்கும் பார்சலுக்கு 8 பவுண்டு கையாளும் கட்டணம் வாங்கிவந்திருக்கிறது. வரி 4 பவுண்டு, அதை வாங்கித் தரும் கூலி 8 பவுண்டு என்ற நிலை வந்தால் நம் பழமொழி லண்டனிலும் செல்லும் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தத் தலைவலியைத் தளங்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள முயன்றிருக்கின்றன. ஈபே 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய உலகளாவிய அனுப்பும் திட்டத்தில் விற்பவர் பார்சலைக் கென்டக்கி மாநிலத்தின் எர்லாங்கரில் இருந்த கிடங்குக்கு அனுப்பினால் போதுமாயிருந்தது. அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் வரியையும் இன்னொரு நிறுவனம் பார்த்துக்கொண்டது. வாங்குபவருக்கு முழுத் தொகையும் முன்கூட்டியே திரையில் தெரிந்தது. தொகை சில வேளை மூச்சை நிறுத்தியது என்பது உண்மை. ஆனாலும் ஏலம் கேட்குமுன் தெரியும் பெரிய தொகை, கேட்டு முடித்தபின் தெரியும் சிறிய தொகையைவிட மேல் என்ற கட்சியில்தான் நான் இருக்கிறேன். பிரிட்டன் 2021 ஜனவரி 1 முதல் 135 பவுண்டு வரையிலான பொருள்களுக்கான வரியை விற்கும் இடத்திலேயே தளம் வசூலிக்கும்படி செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு ஜூலையில், 22 யூரோ வரை இருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டு, 150 யூரோ வரைக்கும் இதேபோன்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வீட்டு வாசலில் தபால்காரர் கேட்கும் காசு இவற்றால் கொஞ்சம் குறைந்தது.

அமெரிக்காவில் எதிர்த்திசையில் ஒரு திருப்பம். அங்கே 800 டாலர் வரையிலான பார்சல்கள் வரியில்லாமல் நுழைந்துவந்தன. அந்த விலக்கைச் சீனப் பொருள்களுக்கு 2025 மே மாதத்திலும், மற்ற எல்லா நாடுகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 29 முதலும் எடுத்துவிட்டார்கள். வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவாகாத நிலையில் பல நாட்டுத் தபால்துறைகள் அமெரிக்காவுக்குப் பொருள் அனுப்புவதையே நிறுத்திவைத்தன. இந்திய அஞ்சல்துறை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தி அக்டோபர் நடுவில் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் இங்குள்ள ஒருவரிடம் ஏலத்தில் எதையாவது வென்ற அமெரிக்கக்காரருக்கு மிச்சமிருந்தது தனியார் கூரியர் மட்டுமே. விற்பவர் எழுதிய தபால் கட்டணம் அதற்கு எந்த மூலைக்கும் காணாது. இப்படிப்பட்ட நேரத்தில் இருவரும் பேசி ஏலத்தை ரத்து செய்துகொள்வதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியவில்லை.

ஜப்பானை ஒதுக்கிவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. பழைய கேமரா, பேனா, இசைத்தட்டு, பொம்மை தேடும் உலகத்தவர் எல்லாரும் ஒரு கட்டத்தில் யாஹூ ஜப்பான் ஏலத்துக்கு வந்து நிற்பார்கள். அங்குள்ள விற்பவர்களில் பலர் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. பையீ, ஜென்மார்க்கெட் போன்ற இடைநிலை நிறுவனங்கள் நமக்காக ஏலம் கேட்டு, பொருளைத் தங்கள் கிடங்கில் வாங்கி வைத்து, பிறகு அனுப்புகின்றன. கட்டணங்கள் படிப்படியாக வரும். ஏலத்தொகை முதலில். பிறகு இடைநிலையாளர் கூலி. விற்பவர் வீட்டிலிருந்து கிடங்குக்கு வரும் உள்நாட்டுச் செலவு அடுத்தது. பெறுகிறவர் கட்டும் முறை என்று பட்டியலில் இருந்தால் இது எவ்வளவு என்பதே பெட்டி கிடங்குக்கு வந்த பிறகுதான் தெரியும். பல பெட்டிகளை ஒன்றாகக் கட்டச் சொன்னால் சில இடங்களில் அதற்குத் தனிக் காசு. பிறகு பன்னாட்டுக் கட்டணம், கடைசியில் நம்மூர்ச் சுங்கம். ஜப்பானியக் கூரியர்கள் பெட்டியின் மூன்று பக்கங்களையும் கூட்டி 60, 80, 100 என்று அளவு வைத்திருக்கிறார்கள். பட்டியலில் அந்த எண் இருந்தால் உள்நாட்டுச் செலவை ஓரளவு ஊகிக்கலாம். இங்கே ஏலத்தொகை பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கக்கூடும் என்று எண்ணித்தான் இறங்க வேண்டும். இத்தனை படி இருந்தும் ஜப்பானிய ஏலங்களைப் பற்றிப் புலம்பல் குறைவாகவே கேட்கிறது. வருகிறவர்கள் முன்பே தயாராகி வருகிறார்கள் போலும்.

பெயர்பெற்ற ஏல நிறுவனங்களும் வட்டார ஏலக்கூடங்களும் இணையத்துக்கு வந்தபின் இன்னொரு வகை அதிர்ச்சி சேர்ந்தது. கிறிஸ்டீஸ், சதபீஸ் இரண்டும் 1975இல் லண்டனில் வாங்குபவர் மீதும் 10 சதவீதக் கட்டணம் விதிக்கத் தொடங்கின. இன்று பல கூடங்களில் அது 20 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. இது ஏல நிபந்தனையில் இருக்கும், தெரிந்துகொள்ளலாம். பொருள் எப்படி வீடு சேரும் என்பதுதான் பலர் கவனிக்காதது. பெரும்பாலான வட்டாரக் கூடங்கள் தாமே அனுப்புவதில்லை. ‘எடுத்துப் போவது வாங்குபவர் பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் இன்னொரு பேக்கிங் நிறுவனத்தை அமர்த்த வேண்டும். அவர் ஆள் அனுப்பி எடுத்து, கட்டி, அனுப்புவார். 30 பவுண்டுக்கு எடுத்த பீங்கான் ஜாடிக்கு அவர் கேட்பது 60 பவுண்டாக இருந்தால் வியக்க வேண்டியதில்லை. தாமதமானால் கூடம் கிடங்கு வாடகையும் போடும். அரசு உபரிப் பொருள் ஏலங்களிலும் இதே நிலைதான்; குறித்த நாளுக்குள் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போகாவிட்டால் கட்டிய பணமும் போகும், பொருளும் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவும் ஆங்கிலச் சட்டமும் ஒரே குரலில் பேசுகின்றன: சுத்தியல் விழும்போது விற்பனை முடிந்துவிடுகிறது. அதற்கு முன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். விழுந்த பிறகு இரு தரப்பும் கட்டுண்டவர்கள். பிறகு விற்பவர் மட்டும் தனியாக ஒரு நிபந்தனையைச் சேர்க்க முடியாது என்பது இதிலிருந்தே வரும். எழுதிய அனுப்பும் செலவும் ஒப்பந்தத்தின் பகுதிதான்.

ஐரோப்பாவில் வணிகரிடமிருந்து வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு இன்னும் வலுவானது. 2011ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை உத்தரவுப்படி, அனுப்பும் செலவு உள்ளிட்ட கூடுதல் கட்டணத்தை வணிகர் முன்பே சொல்லவில்லை என்றால் வாங்குபவர் அதைக் கட்ட வேண்டியதில்லை. பதினான்கு நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பவும் செய்யலாம். அப்போது சாதாரண அனுப்பும் செலவையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும். ஏலத்துக்கு இந்த உரிமை பொருந்தாது என்று விற்பவர்கள் வாதாடியதுண்டு. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2004 நவம்பரிலேயே, ஈபேயில் நடப்பது சட்டம் சொல்லும் ஏலம் ஆகாது, திருப்பும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. வாங்குபவர் நேரில் போய் உட்காரவும் வாய்ப்புள்ள ஏலக்கூடங்களுக்குத்தான் விலக்கு. வட்டாரக் கூடத்தின் ஏலத்தை வீட்டிலிருந்து திரையில் கேட்டாலும் அந்த விலக்குக்குள் போய் விழுவீர்கள். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஈபேயில் கேட்டால் ஒரு சட்டம், கூடத்தில் கேட்டால் இன்னொரு சட்டம்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், அனுப்பும் செலவு, தபால் செலவு, வரி எல்லாம் சேர்ந்த மொத்த விலையை ஒரே எண்ணாகவும் அதன் பிரிவுகளோடும் காட்டச் சொல்கின்றன. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள், விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் உத்தியைத் தடைசெய்த 13 ஏமாற்று வடிவங்களில் ஒன்றாகச் சேர்த்தன. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. விதிகள் நல்லவை. ஆனால் இவை வணிக நிறுவனங்களைக் குறிவைத்தவை. பாஸி.காம் என்ற இந்திய ஏலத் தளத்தை 2004இல் வாங்கி நுழைந்த ஈபே இந்தியா 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இங்கே தபால்தலையும் பழைய நாணயமும் சேர்ப்பவர்களின் ஏலம் பெரும்பாலும் வாட்ஸாப், ஃபேஸ்புக் குழுக்களில் தனிமனிதருக்குள் நடக்கிறது. ‘போஸ்டேஜ் எக்ஸ்ட்ரா’ என்ற இரண்டு சொல்லே அங்கே மொத்தச் சட்டமும். குழுவை நடத்துகிறவர் நேர்மையானவராக இருந்தால் ஸ்பீட் போஸ்ட் ரசீதின் படத்தைப் போடச் சொல்வார். அவருடைய ஒரு வார்த்தைக்கு எந்த விதியையும்விட வலு அதிகம், ஏனென்றால் குழுவிலிருந்து நீக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது.

கட்டணம் வந்தே விட்டது; என்ன செய்வது? முதலில் பட்டியல் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். பிறகு தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே எழுதுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இராது. கோபமாக எழுதத் தேவையில்லை. ‘பட்டியலில் 12 டாலர் என்று இருந்தது, இப்போது 31 கேட்கிறீர்கள், கூரியர் சொன்ன விவரத்தைக் காட்ட முடியுமா’ என்ற அளவு போதும். விற்பவர் ‘தளத்துக்கு வெளியே மீதியை அனுப்பிவிடு, சீக்கிரம் அனுப்புகிறேன்’ என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளவே கூடாது. வெளியே கொடுத்த காசுக்குத் தளத்தின் பாதுகாப்பு எதுவும் கிடையாது; பொருள் வராவிட்டால் அந்தப் பணத்தைக் கேட்க உங்களுக்கு இடமே இல்லை. தளத்துக்குள் பட்டியலில் கண்ட தொகையைக் கட்டிவிட்டால் அனுப்பும் கடமை விற்பவருடையது. அனுப்பாவிட்டால் பொருள் வரவில்லை என்று தளத்தில் முறையிடலாம். அதுவும் பலிக்காவிட்டால் கார்டு வங்கியிடம் போகலாம்.

ஒரே விற்பவரிடம் நாலைந்து பொருள் எடுத்திருந்தால் அவசரப்பட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டாமல், சேர்த்துக் கட்டி அனுப்பினால் மொத்தம் எவ்வளவு என்று முதலில் கேட்பது நல்லது. ஈபேயில் அதற்கென்றே வசதி இருக்கிறது. கட்டி முடித்தபிறகு ‘சேர்த்து அனுப்பியதால் மிச்சமான காசைத் தாருங்கள்’ என்று கேட்பது வேறு. அது விற்பவரின் பெருந்தன்மையை நம்பிய விண்ணப்பம்.

விற்பவர் நேர்மையாகவே தவறியிருந்தால்? சட்டப்படி நட்டம் அவருடையது. ஆனால் எழுபது வயதுக்காரர் ஒருவர் வீட்டுத் தையல் இயந்திரத்தை முதல்முறையாக ஏலத்தில் விற்று, 15 டாலருக்கு அனுப்பிவிடலாம் என்று நம்பி, கவுண்ட்டரில் 60 டாலர் என்று கேட்டு விழித்து நின்றால், வித்தியாசத்தைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வோம் என்று சொல்வதில் ஒருவரும் கெட்டுப்போக மாட்டார்கள். ரசீதைக் காட்டுகிறாரா என்பதே நான் பார்க்கும் அடையாளம். காட்டுகிறவரோடு பேசலாம், ‘எல்லாருக்கும் இதுதான் ரேட்’ என்கிறவரோடு பட்டியலை மட்டும் வைத்துப் பேச வேண்டும். பாதியை ஏற்றாலும் அந்தத் தொகையையும் தளம் வழியாகவே கட்ட முடியுமா என்று பாருங்கள்.

பேச்சு முறிந்தால் விற்பவர் ஏலத்தை ரத்து செய்கிறேன் என்பார். இங்கே ஒரு நுணுக்கம். ஈபேயில் ரத்து செய்யும்போது விற்பவர் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொருள் கையிருப்பில் இல்லை, சேதமாகிவிட்டது என்று தேர்ந்தெடுத்தால் அது அவர் கணக்கில் குறையாகப் பதியும். வாங்குபவரே ரத்து செய்யச் சொன்னார் என்று தேர்ந்தெடுத்தால் பதியாது. அதனால்தான் கூடுதல் கட்டணத்தைக் கட்ட மறுத்தவருக்கு, ‘நீங்களே ரத்து செய்யும்படி ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், உடனே பணத்தைத் திருப்பிவிடுகிறேன்’ என்று மிகவும் பணிவாக ஒரு கடிதம் வரும். பணம் திரும்பி வந்தால் போதும் என்று பலர் அனுப்பியும் விடுகிறார்கள். அனுப்ப வேண்டாம். ‘பட்டியலில் கண்ட செலவில் அனுப்பினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன், உங்களால் முடியாவிட்டால் உங்கள் காரணத்தைப் போட்டு நீங்கள் ரத்து செய்யுங்கள்’ என்று பதில் எழுதுங்கள்.